சுவர் முனை வரைக்கும்

காலைப் படகின் கடைசி இருக்கையில் ஓர் அம்மாள் வந்து உட்காருவாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துவிட்டு வீடு திரும்புகிறவள். படகு துறையை விட்டு நகர்வதற்குள் அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிடும். அக்கரை ஒன்றும் தூரமில்லை. தூக்கம் நன்றாகப் பிடிக்கிற நேரத்துக்கு அடுத்த துறை வந்துவிடும், படகைத் துறையில் கட்டுகிற கயிற்றுக்காரர் வந்து தோளைத் தட்டுவார். அவள் திடுக்கிட்டு எழுந்து, பையைத் தேடி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பாள். படகோட்டி இதைச் சில நாள் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் ஏறுகிற நாளில் மட்டும் படகு நேர் வழியில் போகாது. இன்ஜினைத் தணித்துக்கொண்டு, பழைய கப்பல்களைப் பழுது பார்க்கும் மேடையைச் சுற்றி, தொட்டில் போல மெல்லப் போகும். யாராவது முணுமுணுத்தால், நடுவில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அடியில் மண் தட்டும் என்பார். மண் ஒன்றும் தட்டாது. அது கயிற்றுக்காரருக்குத் தெரியும். அவர் சொல்லி, படகோட்டியின் மனைவிக்கும் தெரியும். தூங்கின அம்மாளுக்குக் கடைசிவரை தெரியாது.

மனைவி ஒருநாள் கேட்டாள், இப்படிப் பொய் சொல்கிறீர்களே என்று. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, எந்த வழியாகப் போகலாம் என்று முடிவு செய்யத்தான் எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், உனக்குச் சந்தேகம் இருந்தால் படித்துப் பார் என்று கூடத்துச் சுவரைக் காட்டினார்.

கூடத்துச் சுவரில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. படகு ஓட்டும் தகுதிச் சான்றிதழ். அதை வாங்க அவர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனிதர். பரீட்சையில் வாயால் கேட்பார்கள் என்பதால் பிழைத்தார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள், அவர் சுவரோடு சாய்ந்து நின்று பதில் சொல்வார். படகுக்கு வலப்பக்கம் என்ன விளக்கு? பச்சை. இடப்பக்கம்? சிவப்பு. எதிரே இரண்டும் சேர்ந்து தெரிந்தால்? நம்மை நோக்கியே வருகிறது, வலப்பக்கம் ஒதுங்கு. கடைசியில் பாடம் அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது. சமையலறை வாசலில் இருவரும் முட்டிக்கொள்ளப் போனால், "வலப்பக்கம் ஒதுங்கும்மா, பரீட்சையில நீதானே கேட்ட" என்பார்.

அந்தத் தாளில் அவருக்கு என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருந்தது. துறைமுகத்துக்குள், முதல் துறையிலிருந்து கல் சுவரின் முனை வரைக்கும் படகு ஓட்டலாம். அந்தச் சுவர்தான் கடலின் அலையைத் தடுத்து நிறுத்துகிறது. அதற்கு உள்ளே இருப்பது உள் தண்ணீர், அதைத் தாண்டினால் வெளித் தண்ணீர். சூரியன் உதித்த பிறகு ஓட்டலாம், மறைவதற்குள் கட்டிவிட வேண்டும். கயிற்றுக்காரரைச் சேர்க்காமல் பன்னிரண்டு பேரை ஏற்றலாம். இன்னொரு படகைக் கூலிக்கு இழுக்கக் கூடாது. இவ்வளவுக்குள் நின்றால், படகில் கடைசிப் பேச்சு அவருடையது. படகு முதலாளியுடையதாக இருக்கலாம். ஆனால் காற்று சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் முதலாளி துறையில் நின்று தொண்டை வற்றக் கத்தினாலும் கயிறு அவிழாது. ஒருமுறை முதலாளியே சொந்தக்காரர்களோடு வந்து, பதின்மூன்றாவதாக ஒரு குழந்தை, மடியில் வைத்துக்கொள்கிறோம் என்றார். மடியில் இருந்தாலும் அது ஓர் ஆள்தான் என்று அவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். முதலாளி இறங்கி, அடுத்த நடைக்குக் காத்திருந்து, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு தானாகவே இறக்கி வைத்தார்.

வெளித் தண்ணீருக்கு வேறு சான்றிதழ். அதை வைத்திருந்தவர் படகோட்டி மனைவியின் அண்ணன். கடலில் வளர்ந்த உடம்பு, உரத்த குரல், மனதில் கள்ளமில்லாத வாய். மனதில் கள்ளமில்லாத வாய்தான் சில நேரம் அதிகமாகக் குத்திவிடும்.

வெளித் தண்ணீர்ச் சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சான்றிதழ் ஏற்கெனவே உள்ள ஒரு படகோட்டியிடம் இரண்டு வருஷம் கடலில் வேலை செய்து, இவன் தேறிவிட்டான் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கணவருக்கு அந்த ஆசை இருந்தது. சுவர் முனையில் படகைத் திருப்பும்போதெல்லாம் ஒரு கணம் வெளியே பார்ப்பார் என்று கயிற்றுக்காரர் சொல்வார். அண்ணன் வீட்டு மாடி கட்டி முடித்து எல்லாருக்கும் சாப்பாடு போட்ட அன்று, தேய்த்த சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். இன்று மச்சானிடம் கேட்டுவிடப் போகிறேன் என்று படியிறங்கும்போது அவளிடம் மட்டும் சொன்னார்.

பந்தியில் பாதிச் சாப்பாடு நடக்கும்போது அண்ணன் விருந்தாளிகளுக்கு அவரை அறிமுகம் செய்தார்.

"எங்க மாப்பிள்ளையும் கேப்டன்தான். குளத்துக் கேப்டன். சுவர் முனை வந்துட்டா அவருக்கு உலகமே முடிஞ்சிடும்."

பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் தட்டில் அவர் கை நின்றுவிட்டதைப் பரிமாறிக்கொண்டிருந்த அவள் பார்த்தாள். அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். நல்லது செய்கிற நினைப்பில், ரெண்டு வருஷம் என்கிட்ட கயிறு புடிக்கட்டும், நானே கையெழுத்துப் போட்டு ஆளாக்கிடறேன் என்றும் சேர்த்துவிட்டார். அவர் கேட்கப் போனதும் அதுதான். கேட்காமலே கிடைத்தது. கிடைத்த விதத்தில் வாங்க முடியவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றோடு மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள்.

குளத்துக் கேப்டன் என்ற பேர் துறை முழுக்கப் பரவியது. மற்றவர்கள் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், "குளத்துல மீன் இருக்கு, உனக்கு என்ன இருக்கு?" என்று திருப்பிக் கொடுப்பார். மச்சான் வாயிலிருந்து வந்தது மட்டும் ஆறவே இல்லை.

ஆனால் போக்குவரத்து நிற்கவில்லை. அண்ணன் தங்கையைப் பார்க்க வருவார். இருவரும் ஒரே கூடத்தில், ஒரே பாயில், முகம் திருப்பி உட்கார்ந்திருப்பார்கள். "உங்க அண்ணனுக்குக் காப்பி வேணுமான்னு கேளு." "சர்க்கரை கம்மியா போடச் சொன்னேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா." "சர்க்கரை கம்மியா போட்டா மட்டும் வாய் கம்மியாயிடுமான்னு கேளு." அவள் இதில் கடைசியைக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டாள். கசப்பை வடிகட்டி, மிச்சத்தைக் கொடுப்பாள். அவர்களும் அடுத்தவர் சொன்னதைக் காதால் கேட்டிருந்தும், அவள் சொன்ன பிறகுதான் கேட்ட மாதிரி தலையாட்டுவார்கள். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டு பெரிய மனிதர்களும் தன் வழியாகத்தான் போய் வர வேண்டியிருக்கிறது என்கிற பெருமை. பின்னால் பிரார்த்தனைக்கு உட்காரும்போதெல்லாம் அவளைச் சுட்டது அந்தப் பெருமைதான்.

ஒரு சாயங்காலம் கொல்லைக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்த அண்ணன், குரலைத் தணித்துச் சொன்னார்: அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, வாய் தவறிவிட்டது, மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் மனம் ஒரு கணக்குப் போட்டது. அவமானத்தை ஊரறியக் கொடுத்துவிட்டு, மன்னிப்பை மட்டும் தங்கை முந்தானையில் முடிந்து அனுப்பலாமா? "நீயே சொல்லுண்ணே, அதுதான் முறை" என்றாள். அண்ணன் சரி என்றார். கூடத்துக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவளும் கணவரிடம் சொல்லவில்லை. அண்ணன் இன்று சொல்வார் நாளை சொல்வார் என்று காத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் முதலாளிக்குத் தீவு வேலை கிடைத்தது. சுவருக்கு வெளியே ஒரு சின்னத் தீவு, அதில் மீன் பதப்படுத்தும் ஆலை. தினமும் காலையில் ஆட்களைக் கொண்டுபோய் விட வேண்டும். உள் துறைகளில் ஆட்களை ஏற்ற அவள் கணவர், சுவரைத் தாண்டி ஓட்ட அவள் அண்ணன் என்று ஏற்பாடானது. அண்ணன் கடைசித் துறையில் ஏறிக்கொள்வார். ஒழுங்காகப் பார்த்தால் அங்கேயே, படகு கட்டியிருக்கும்போதே கைமாற்ற வேண்டும். நேரம் மிச்சம் என்று ஓடும் படகிலேயே, சுவர் நெருங்கும்போது மாற்றிக்கொண்டார்கள்.

படகில் கைமாற்றுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. விடுகிறவர் "வச்சுக்கோ" என்பார். வாங்குகிறவர் சுக்கான் சக்கரத்தைப் பிடித்து "வச்சுக்கிட்டேன்" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் முதல் ஆள் கையை எடுப்பார். எந்தப் படகானாலும், எவ்வளவு அனுபவசாலியானாலும் இதை மாற்ற மாட்டார்கள். பேச்சே இல்லாத இந்த இருவரும் இதற்கு என்ன செய்வார்கள்? நடுவில் கயிற்றுக்காரர் நின்றார். "அண்ணே, வச்சுக்கணுமாம்" என்பார் இந்தப் பக்கம். "மாப்பிள்ளை, வச்சுக்கிட்டாராம்" என்பார் அந்தப் பக்கம். வீட்டில் தங்கச்சி, படகில் நான், இந்தக் குடும்பத்துக்கு ரெண்டு தபால் ஆபீஸ் என்று துறையில் சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர். வயது ஐம்பதைத் தாண்டியும் கயிற்றில் பூனை மாதிரி தாவுவார். எத்தனையோ காலை அப்படியே நடந்தது. நடந்ததால் சரி என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அன்று காற்று கொஞ்சம் வேகம். சுவர் நெருங்கும்போது முன்பக்கம் ஒரு கயிறு அவிழ்ந்து தண்ணீரில் இழுபட்டது. அது இன்ஜின் இறக்கையில் சுற்றினால் ஆபத்து. கயிற்றுக்காரர் அதைப் பிடிக்க முன்னால் ஓடினார். சக்கரத்து அறையில் இருவர் மட்டும். சக்கரம் பிடித்திருந்த மாப்பிள்ளை கயிற்றுக்காரரைத் தேடினார், காணவில்லை. தொண்டையைச் செருமினார். அண்ணன் குனிந்து இன்ஜினின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே ஒரு கையைத் தூக்கினார். இரு என்று தூக்கினார். சரி என்று இவர் எடுத்துக்கொண்டார். கையை எடுத்துவிட்டு, எப்போதும் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினார்.

சக்கரத்தில் யார் கையும் இல்லாத நேரம் நாலைந்து மூச்சு இருக்கும். முனையில் அடித்த அலை படகின் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஆண்டவன் அன்று எல்லா உயிரையும் காப்பாற்றினான். ஆனால் முன்னால் நின்ற கயிற்றுக்காரரின் ஒரு கால், படகுக்கும் கல்லுக்கும் நடுவே அகப்பட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணை அறையில் நீளமான மேசை, ஒரு மின்விசிறி. அவளும் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அந்த நேரத்தில் படகு யார் பொறுப்பில் இருந்தது?

அவள் கணவர் தன் பொறுப்பில் என்றார். அண்ணனும் தன் பொறுப்பில் என்றார். அதற்கு முன் அவர்கள் ஒத்துப்போன விஷயமே அவளுக்கு நினைவில்லை. அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க வாயால குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"அவர் வாயால வாங்கிக்கிட்டாரா?"

"இல்லைங்க. நாங்க பேசிக்கறதில்லைங்க."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இருபது வருஷத்தில் இப்படி ஒரு காரணத்தைக் கேட்டதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. சான்றிதழ் படகை ஓட்ட மட்டும் கொடுப்பதில்லை, அடுத்த கையில் ஒழுங்காகச் சேர்க்கவும்தான் என்றார். இரண்டு சான்றிதழையும் ஒரு வருஷத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை. கொல்லையில் அண்ணன் சொன்னதையும், தான் சேர்க்காமல் விட்டதையும் அழுதுகொண்டே சொன்னாள். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் வெற்றுச் சுவரில் சட்டம் தொங்கின ஆணியைப் பார்த்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் வீம்புக்கு இன்னும் நாலு நாள் இழுத்திருப்பேன்" என்றார். "ஆனா பேசியிருப்பேன்."

இனிமேலாவது பேசுவார்கள் என்றுதான் அவள் நம்பினாள். முன்பு நடுவில் நின்றது ரோஷம். இப்போது அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ரோஷமாவது ஒருநாள் களைத்துப் போகும், வெட்கம் களைப்பதில்லை. கயிற்றுக்காரரைப் பார்க்க இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஒருவர் காலையில், ஒருவர் மாலையில். ஒருநாள் தவறிப்போய் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். கட்டிலின் இருபுறமும் நின்றார்கள். கயிற்றுக்காரர் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"தபால்காரனுக்குக் கால் போயிடுச்சு. இனிமே உங்க கடுதாசியை நீங்களே நடந்து கொண்டு போய்க் குடுத்துக்கோங்கப்பா."

சிரிக்கத்தான் சொன்னார். மூன்று பேராலும் சிரிக்க முடியவில்லை.

வருஷம் முடிந்ததும் அண்ணன் திரும்பப் பரீட்சை கொடுத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டார். இவர் போகவில்லை. முதலாளியே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். பன்னிரண்டு பேரை ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஏற்றினவர்களை முழுசாக இறக்குவதும் அதில் சேர்ந்ததுதானே, நான் இறக்கவில்லையே என்று சொல்லிவிட்டார். துறையிலேயே கயிறு கட்டுகிற வேலையில் சேர்ந்தார், கயிற்றுக்காரர் பார்த்த வேலை. வருகிற படகின் கயிற்றை வாங்கி முளையில் சுற்றுவார், போகிற படகை அவிழ்த்து விடுவார். விடுமுறை நாளில் கயிற்றுக்காரர் வீட்டுக்குப் போய், அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு தண்ணீர் ஓரம் வந்து இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலியை வளைவில் திருப்பும்போது, இதுக்கு சர்டிபிகேட் இருக்கா என்று கயிற்றுக்காரர் கேட்பாராம்.

அவள் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறாள். அண்ணனின் படகு தீவுக்குப் போகும் நேரத்தில் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு நிற்பார். அது சுவர் முனையைத் தாண்டி நேராகும் வரைக்கும் நிற்பார். பிறகுதான் சாப்பிட உட்காருவார். அதை அவள் அண்ணனிடம் சொன்னாள்.  அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். இரண்டு பேரும் இப்படி வருஷக்கணக்கில், நடுவில் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நெஞ்சில் சளி கட்டி அவள் கணவர் படுத்தபோது முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அண்ணன் அப்போது தூரத்துத் துறைமுகம் ஒன்றுக்குச் சரக்குப் படகு ஓட்டிப் போயிருந்தார். சேதி அனுப்பினாள். வழியில் இருக்கிறேன், நாளைக் காலையில் வந்துவிடுவேன் என்று பதில் வந்தது. அவரிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடியபடி, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். தெற்கே என்றாள். அப்படியென்றால் காலையில் வந்துவிடுவான் என்றார்.

ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது. பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் மணியடித்துக்கொண்டு போனாள். அவள் போர்வையை இழுத்துவிட்டாள், தண்ணீர்ச் செம்பைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள், நெற்றியில் கை வைத்து மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். வாசல் வரை போனவளை அவர் கூப்பிட்டார். அவள் திரும்பி வந்து குனிந்து கேட்டாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அண்ணன் உப்புக் காய்ந்த சட்டையோடு நேரே வந்தார். வெள்ளைத் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு நேராகக் கூப்பிட்டது அதுதான். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தங்கையின் முகத்தைப் பார்க்காமல், எனக்கு ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அவளுக்கு அந்த நேரத்தில் நல்லதாக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தெரியும். மன்னித்துவிட்டார் என்று சொல்லலாம், உன் நினைவாகவே இருந்தார் என்று சொல்லலாம். இருக்கிறவர் மனம் ஆறும். ஆனால் வாழ்நாளெல்லாம் வடிகட்டினது போதும் என்று இருந்தது. முதல் தடவையாக ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், அவர் படுக்கையிலிருந்து சொன்னதை அப்படியே சொன்னாள்.

"உங்க அண்ணன் வந்தா சொல்லு... இல்லம்மா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். காலையில வரட்டும், நானே சொல்லிக்கறேன்."